திருப்பிச் சொல்லு

இந்த வீட்டுக்குக் குடிவந்து பத்தொன்பது நாள் ஆகியும் என் மகள் தன் பெட்டியைப் பிரிக்கவில்லை. சமையலறைப் பெட்டிகள் முதல் நாளே பிரிந்துவிட்டன, பசிக்கு முன்னால் யாரும் சோம்பேறித்தனம் பார்ப்பதில்லை. என் புத்தகங்கள் ஒரு வாரத்தில் அலமாரி ஏறின. அவளுடைய பெட்டி மட்டும் கட்டிலின் கால்மாட்டில், பழுப்பு டேப் ஒட்டியபடி, காபி குடித்துவிட்டுக் கிளம்பப் போகிற விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் தடித்த கறுப்பு மார்க்கரில் அவளே எழுதிய ஒரு சொல்: பாக்கி. துணிமணியெல்லாம் தனியாக ஒரு சூட்கேஸில் இருந்தன. அதிலிருந்து எடுத்து உடுத்துவாள், துவைத்து உலர்ந்ததும் மடித்து அதிலேயே வைப்பாள். அலமாரியில் அவளுக்கென்று மூன்று தட்டுகள் ஒதுக்கியிருந்தேன். மூன்றிலும் தூசிதான் குடியிருந்தது.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால் "அப்புறம்" என்பாள். ஒன்பதரை வயதுக் குரல் இல்லை அது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி ஜன்னலை மூடும் அலுவலகக் குமாஸ்தாவின் குரல். வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவள் அப்பா வைத்தது. ஜட்ஜம்மா ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டால் நான் தலைகீழாக நின்றாலும் மாறாது.

பாக்கி என்ற சொல்லை அவள் எங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு வரும்போது ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. நோயாளி எப்படி இருக்கிறார், என்ன செய்தாயிற்று, என்ன பாக்கி. மூன்றே கேள்விகள். முதல் ஊரில் நான் எலும்பு மூட்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், சலவைக் கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட வீடு. என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை பார்த்தார். நான் உள்ளே வரும் நேரமும் அவர் வெளியே போகும் நேரமும் ஒன்றாக இருந்ததால் குழந்தையை வாசலில் வைத்துத்தான் கைமாற்றிக்கொள்வோம். ஒருநாள் அவர் விறைப்பாக நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "பேஷண்ட், பெண், ஒண்ணரை வயசு. காலைல அரை முட்டை உள்ள போச்சு, மீதி அரை என் சட்டைல இருக்கு. ஒரு தடவை அழுகை, காரணம் தெரியல. பாக்கி, நகம் வெட்டணும்." கண் சொருகிக்கொண்டு வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நான்கு வருடப் படிப்பை நான் முடித்தது மூளையால் என்று ஊர் சொல்லும். வாசலில் கிடைத்த அந்தச் சிரிப்புகளால் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஊரில் அந்த விளையாட்டே எங்களைக் கவிழ்த்தது. அப்போது அவளுக்கு ஐந்தரை வயது, ஒப்படைப்பு போனுக்கு மாறியிருந்தது. "பாக்கி, ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்" என்றார் அவர். நான் "ம்" என்றேன். நான் போவதாக அந்த 'ம்'முக்கு அவர் பொருள் எடுத்துக்கொண்டார். அவர் தன் வேலையைச் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளை ஒன்றேகால் மணி நேரம் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த எழுத்தர் அம்மா தன் பிஸ்கெட்டைப் பிட்டுக் கொடுத்து, ஸ்டேப்ளர் அடிக்கக் கற்றுக்கொடுத்து, நான் ஓடிப்போய் மூச்சு வாங்கியபோது ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டாமல், "நல்லா வேலை செய்யறா, நாளைக்கும் அனுப்புங்க" என்றார். அவரை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில், கேட்டவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று விதி. வீட்டில் அந்தப் பாதியை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த ஒப்படைப்பும் "திருப்பிச் சொல்லு" இல்லாமல் முடிவதில்லை. அதைக் கறாராகக் கேட்டு வாங்குவது ஜட்ஜம்மாதான்.

மூன்றாவது ஊரில் நடந்ததுதான் பெட்டிக்குக் காரணம். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. வேலை ஒரு வருடத்தில் நிரந்தரமாகிவிடும் என்று துறைத்தலைவர் வாயால் சொன்னார். நான் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதுதான் கடைசி வீடு" என்று அவளிடம் சொன்னேன். "நிஜமா?" என்றாள். "நிஜமா" என்றேன். என் வீட்டுக்காரர் கடையில் மிஞ்சிய அக்ரிலிக் தகட்டை வெட்டி, எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதி, நாலு ஸ்க்ரூ வைத்து வாசல் கதவில் பொருத்தினார். அதுவரை எந்த வீட்டு வாசலிலும் எங்கள் பெயர் இருந்ததில்லை. அவள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவாள். இருபது மாதம் கழித்து அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சொன்னபோது அவள் அழவில்லை. சாமான் கட்டுகிற அன்று ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால் தகட்டைத் தானே கழற்றினாள்.

இங்கே நிரந்தரம் என்று கடிதமே கொடுத்திருக்கிறார்கள். அதை அவளிடம் காட்டினேன். முழுதும் படித்தாள், தேதியைப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். கடைசி என்ற சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை வீணாக்கிவிட்டேன், இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு பிள்ளைக்குத் தன் அம்மா சொல்வதை நம்ப முடியாமல் போனால், சுற்றியிருக்கும் சுவர் யாருடையதாக இருந்து என்ன பயன்?

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் முப்பத்தோரு முட்டிகளைப் பார்த்து முடித்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது அவள். கடைக்கு யாரோ வரவில்லை என்று அப்பாவை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஜட்ஜம்மா விறைப்பாக நின்றுகொண்டாள்.

"ஒப்படைப்பு" என்றாள். "பேஷண்ட், ஆண், நாப்பத்தோரு வயசு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இடது முட்டி. பதினஞ்சு நாளா வலி. படி ஏறும்போது கைப்பிடியப் பிடிச்சிக்கறார், நீ கூட வந்தா பிடிக்க மாட்டார். பழைய கடைய அவர்தானே பாத்துக்கிட்டார், உக்கார நாற்காலி இருந்துச்சு. இங்க புது ஆளுன்னு பின்னாடி ரூம்ல நின்னுக்கிட்டே கண்ணாடி வெட்டறார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னார்."

"என்ன செஞ்சாச்சு?" என்றேன்.

"ரெண்டு நாள் நான் தைலம் தேய்ச்சேன். பாக்கி, டாக்டர் பாக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "திருப்பிச் சொல்லு" என்றாள்.

திருப்பிச் சொன்னேன். இடது முட்டி, பதினைந்து நாள், கைப்பிடி. நாற்காலி வந்த இடத்தில் நின்றுவிட்டேன். "கண்ணாடிக் கடை இல்லாத ஊர் உண்டா, அவருக்கு எங்கேயும் வேலை கிடைச்சுடும்" என்று எட்டு வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வேலை கிடைத்தது உண்மைதான். ஒவ்வொரு ஊரிலும் நான் ஒரு படி ஏறினேன், அவர் மறுபடி பின்அறைக்குப் போய்ப் புது ஆளாக நின்றார். ஊரார் முட்டியெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன், என்னோடு ஒரே படியில் ஏறி வருகிற முட்டி என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒரு மனிதன் எனக்கு வாய்த்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்து வலித்தது.

"நாற்காலிய விட்டுட்ட" என்றாள். அதையும் சொன்னேன்.

"அடுத்த பேஷண்ட் நீ. நீயே சொல்லு."

கையில் பையோடு வாசலிலேயே நின்று சொன்னேன். "பெண், முப்பத்தெட்டு வயசு. சாப்பாடு, தூக்கம் பரவாயில்ல. போன ஊர்ல தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி பொண்ணுகிட்ட சொல்லிட்டா."

"என்ன செஞ்சாச்சு?"

"ஒண்ணும் செய்யல. மன்னிப்புகூட கேக்கல. இப்ப கேக்கறா."

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "பாக்கி?"

"இதுதான் கடைசி வீடான்னு எனக்குத் தெரியாது. லெட்டர் இருக்கு. நானா போகணும்னு கேக்க மாட்டேன். அவங்க போகச் சொல்ற மாதிரி தெரிஞ்சா, அன்னிக்கே உன்கிட்ட சொல்லிடுவேன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்." பிறகு நான் சொன்னேன், "திருப்பிச் சொல்லு."

"கடைசியான்னு தெரியாது. நீயா கேக்க மாட்ட. தெரிஞ்ச அன்னிக்கே எனக்குச் சொல்லுவ." யோசித்தாள். "அப்பாவுக்கு முன்னாடியா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"சரி" என்றுவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அறையிலிருந்து டேப் கிழிகிற நீளமான சத்தம் வந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, கால்சட்டையைச் சுருட்டி முட்டியைப் பார்த்தேன். மடக்கி, நீட்டி, அழுத்தி, வழக்கமாகப் பார்ப்பதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். "டாக்டரம்மா, டோக்கன் போடாம உள்ள வந்துட்டேனே" என்றார். பிறகு, யார் போட்டுக்கொடுத்தது என்று மகளின் அறைப் பக்கம் முறைத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, நின்று நின்று வந்த வலி, பயிற்சியும் ஓய்வும் போதும். கடையில் உயரமான ஸ்டூல் ஒன்று கேட்கச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை என்றால் நான் வந்து கேட்பேன் என்றேன். வீட்டுக்குள் நன்றி சொல்லிப் பழக்கமில்லை எங்களுக்கு, வாயில் வராது. குனிந்தபடி அந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன், எட்டு வருடத்துக்கும் சேர்த்து.

"முட்டிகிட்ட சொல்றியா, என்கிட்ட சொல்றியா?" என்றார்.

ஜட்ஜம்மா அறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில் ஒரு சின்ன டப்பா, அக்குளில் பழைய துணி சுற்றிய தகடு. வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அவர் எழுந்திருக்கப் போக, "பேஷண்ட் உக்காரணும்" என்றாள். அதனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஸ்டூல் காலைப் பிடித்துக்கொண்டார், நான் தகட்டைக் கதவோடு சேர்த்துப் பிடித்தேன். டப்பாவைத் திறந்து ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் கொட்டினாள். மூன்றுதான் இருந்தன. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடுக்கினாள். கை வலித்தபோது மாற்றிக்கொண்டாளே தவிர, எங்களிடம் கொடுக்கவில்லை.

இறங்கி இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்று பெயர்களும் நேராகத்தான் இருந்தன. வலது பக்கக் கீழ் மூலையில் நாலாவது துளை வெறுமையாக, அதன் வழியே கதவின் மரம் தெரிந்தது.

"பாக்கி, ஒரு ஸ்க்ரூ" என்றாள். சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை மார்போடு பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஒரே நேரத்தில் திருப்பிச் சொன்னோம்.