வீட்டில் ஆள் இல்லை

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்புறத்துத் தெருவில், பழைய அரிசிக் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது அந்தப் பார்சல் நிலையம். விடிகிற நேரம் கொழும்பிலிருந்து பெரிய லொறி வந்து சாமான்களை இறக்கிவிட்டு நிற்கும். நிலாவெளி, புல்மோட்டைப் பக்கத்துக்கு ஒரு வான். கிண்ணியா, மூதூர், அதற்கும் அப்பால் ஈச்சிலம்பற்று வரைக்கும் இன்னொரு வான். அந்த இரண்டாவது வானை ஓட்டியவன் நஸ்ரி.

நஸ்ரிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அவனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அவனுக்குக் கதவு திறக்கிறவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் திறந்தார்கள். கிண்ணியாவில் ஒரு பெண் இரண்டு கையிலும் ரொட்டி மாவோடு ஓடி வந்து, முழங்கையால் கையெழுத்துப் போடப் பார்ப்பாள். தோப்பூரில் ஒரு வீட்டு நாய் ஊரில் உள்ள எல்லா வாகனத்துக்கும் குரைக்கும், அவனுடைய வானுக்கு மட்டும் வாலை ஆட்டும்.

"நான் பெருநாள் பிறை மாதிரி. எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கொண்டிருக்காங்க" என்று மனைவி சனூஸாவிடம் பெருமையடிப்பான்.

"பிறை எண்டாலும் மாசத்துக்கு ஒருக்கா வீட்டுப் பக்கம் தெரியும்" என்பாள் சனூஸா.

அவர்கள் இருந்தது டவுனில். நஸ்ரியின் வாப்பா முத்தலிப் மூதூரில், அவன் பிறந்த வீட்டில் தனியே இருந்தார். உம்மா மவுத்தாகிப் பள்ளிவாசலடியில் அடக்கப்பட்ட பிறகு தங்களோடு வந்துவிடும்படி இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். "பள்ளியும் பக்கத்தில கிடக்கு, உன்ட உம்மாவும் பக்கத்தில கிடக்கா. நான் எங்க வாற?" என்று சொல்லிவிட்டார்.

கிழமையில் ஆறு நாளும் நஸ்ரியின் வான் வாப்பாவின் வீட்டுக்குப் பிரிகிற ஒழுங்கை முனையைக் கடந்துதான் போகும், கடந்துதான் திரும்பும். உள்ளே போனால் வாப்பா தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார். ஒழுங்கையும் ஒடுக்கம், வானைத் திருப்பி எடுக்க நேரம் பிடிக்கும். ஆகவே முனையில் ஹோர்னை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவான். அது அவனுடைய சலாம். அந்தச் சத்தம் கேட்டதும், குசினிக்குள் நின்றாலும் வாப்பா "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று உரத்துச் சொல்வாராம். பக்கத்து வீட்டு ஹுஸ்னியா சொல்லிச் சிரித்திருக்கிறாள். நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே இருந்த பேச்சுவார்த்தை அநேகமாக அவ்வளவுதான். போன் எடுத்தால், "வேலையில நிக்கிறன் வாப்பா, பிறகு எடுக்கிறன்" என்பான். அந்தப் பிறகு அடுத்த நாள் வேலைக்குள் போய்விடும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாட்கள் அவை. ஊரெல்லாம் புதுச் சட்டை வாங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை, நிலையப் பொறுப்பாளன் கிருஷாந்த் சின்னப் பெட்டி ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"நஸ்ரி, முத்தலிப் எண்டு போட்டிருக்கு. மூதூர். இது உன்ர வாப்பா எல்லோ?"

நஸ்ரி வாங்கிப் பார்த்தான். "ஓம். இந்த மனிசன் என்னத்தை எடுத்திருக்கார்?"

"கலகலக்குது. கலியாணம் கட்டப் போறார் போல, பொம்பிளைக்குக் காப்பு."

"போடா. போன்ல நம்பர் அமத்துறதுக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறவர்."

சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டியை, திரும்பி வரும்போது கொடுக்கிற பார்சல்களோடு வைத்தான். கடைசியாகக் கொடுத்தால் ஆறுதலாக இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்பது அவன் எண்ணம். எண்ணத்தில் பிழை இல்லை.

கொடுபடாத பார்சலுக்குப் போனில் ஒரு காரணம் அழுத்த வேண்டும் என்பது நிலையத்தின் ஒழுங்கு. காரணம் இல்லாமல் திரும்பினால் சாரதியின் பிழை. 'வீட்டில் ஆள் இல்லை' என்று அழுத்தினால் எவர் பிழையும் இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு அப்படியே ஒரு செய்தி போகும், அடுத்த நாள் மறுபடி கொண்டு போகலாம். மூன்றாம் நாளும் கொடுபடாவிட்டால்தான் பார்சல் கொழும்புக்குத் திரும்பும். நேரம் போதாத நாட்களில் சாரதிகள் எல்லாரும், ஆள் இருக்கிற வீடுகளுக்கும் அதைத்தான் அழுத்தினார்கள். நஸ்ரியும் அழுத்துவான். ஆனால் அழுத்திய கையோடு அந்த வீட்டுக்குப் பேசுவான். "ராத்தா, இண்டைக்கு ஏலாமப் போச்சு. நாளைக்கு முதல் உங்கட வீடுதான், கோவிக்காதீங்க" என்பான். பொய்யைக் கொஞ்சம் கழுவிவிட்டதாக அவனுக்கு ஓர் ஆறுதல்.

அன்றைக்கு ஈச்சிலம்பற்றில் டயர் காற்றுப் போனது. மூதூருக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கையில் இருந்த பார்சல்களில் யாருடையதை விட்டால் ஏச்சு விழாது என்று யோசித்தான். கலியாண வீட்டுச் சேலையை விட ஏலாது. பிள்ளைப் பால்மாவை விட ஏலாது. வாப்பா கோபிக்க மாட்டார்.

அழுத்தினான். சொந்த வாப்பாவுக்கு எதற்குப் போன் என்று நினைத்து, பேசாமலும் விட்டான். ஒழுங்கை முனை வந்தபோது கை ஹோர்னுக்குப் போய்த் திரும்பிவிட்டது. ஆள் இல்லை என்று எழுதிய வீட்டுக்கு எப்படிச் சலாம் சொல்வது?

வெள்ளிக்கிழமை வேலை இன்னும் கூடிப் போனது. தோப்பூர்ப் பள்ளியில் கடைசி வரிசையில் ஜும்ஆத் தொழுதுவிட்டு ஓடினான். மூதூருக்குள் வரும்போது கிருஷாந்த் போனில் பேசினான். "எங்கயடா நிக்கிறாய்? திரும்பிப் போற லொறி உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது." நஸ்ரி மறுபடியும் அதையே அழுத்தினான். மறுபடியும் ஹோர்ன் அடிக்காமல் போனான்.

சனிக்கிழமை மூன்றாம் நாள். ஈச்சிலம்பற்றுக்குப் போகும்போதே ஒழுங்கைக்குள் வானைத் திருப்பினான்.

வாப்பா கேற்றடியில் நீலக் கதிரை போட்டு இருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. சேட்டின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார். காலடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க், பக்கத்தில் ஈ மொய்க்காமல் கவிழ்த்து வைத்த கோப்பைகள்.

"வந்திட்டியா மகன்!" எழும்பப் பார்த்து, கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு நான் இருக்கன். எங்கயும் போகல்ல. ரெண்டு நாளும் உனக்கு வீண் அலைச்சலாப் போச்சு. குறை நினைக்காத மகன்."

"என்ன வாப்பா சொல்றீங்க?"

"வியாழக்கிழமை விடிய இருந்து இதிலதான் இருந்தனான். அஸருக்குப் பாங்கு சொல்ல, தொழுதிட்டு ஓடி வந்தன். வந்து பாத்தா போன்ல செய்தி கிடக்கு, ஆள் இல்லையாம். ஹுஸ்னியா வாசிச்சுச் சொன்னா. எனக்கு வெக்கமாப் போச்சு. அதால நேத்து இந்தக் கதிரையை விட்டு அசையல்ல. என்ன செய்ற, வயசு. கண் அயந்திருக்கும் போல. நீயும் எழுப்ப மனமில்லாமப் போயிருப்பாய்."

நஸ்ரி பெட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டான். "ஜும்ஆக்கு?"

வாப்பா குரலைத் தாழ்த்தினார். "போகல்ல மகன். போனா நீ வந்து திரும்பிடுவாய் எண்டு, வீட்டிலயே லுஹர் தொழுதன். புத்தி தெரிஞ்ச நாளில இருந்து, சுகமா இருந்துகொண்டு தவறவிட்டது இதுதான் முதல். அல்லாஹ் மன்னிப்பான்." பிறகு அவசரமாகச் சிரித்தார். "அது கிடக்கட்டும். பெட்டியை உடை பாப்பம்."

பெட்டிக்குள் தேசிக்காயைப் பிழிந்து சாறெடுக்கிற சாமான் ஒன்று இருந்தது, பச்சைப் பிளாஸ்டிக்கில்.

"உங்களுக்கு எதுக்கு வாப்பா இது? நம்மட வளவில ஒரு தேசி மரம்கூட இல்லையே."

"கிடக்கட்டும். ஆராச்சும் வந்தாத் தேவைப்படும்." அவர் கண்கள் அந்தச் சாமானைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைத்தான் பார்த்தன. "மெலிஞ்சு போனாய். சனூஸா சுகமா? சின்னவன் பள்ளிக்கூடம் போறானா? இரி, இரி, தேத்தண்ணி ஊத்துறன்."

'வாப்பா, நான் வரவே இல்லை' என்று சொல்ல நஸ்ரி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தோப்பூரிலிருந்து ஒரு பெண். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

வாப்பா கோப்பையை அவன் கையில் வைத்தார். "குடிச்சிட்டுப் போ மகன். அங்க பாத்துக்கொண்டிருப்பாங்க. பாத்துக்கொண்டு இருக்கிறது லேசில்ல."

நஸ்ரி நின்றபடியே பாதி குடித்தான். "பெருநாளைக்கு எல்லாருமா வாறம் வாப்பா, ரெண்டு நாள் நிக்கிறம்" என்றான். அன்றைக்கு உண்மையைச் சொல்லிக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதென்று வான் ஏறும்போதே முடிவு செய்தான்.

நல்லதைச் செய்ய நாள் குறிக்கிறவர்கள் நாம். நாள் நம்முடைய கையில் இல்லை. பெருநாள் வருமுன்பே ஒரு காலை, சுபஹ் தொழுதுவிட்டு வந்து படுத்த முத்தலிப் எழும்பவில்லை.

லுஹரோடு உம்மாவின் பக்கத்திலேயே அடக்கினார்கள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் நஸ்ரியின் தோளைத் தடவினார். "கவலைப்படாதீங்க தம்பி. ஒரு ஜும்ஆவைத் தவறவிடாத மனிசன். அல்லாஹ் நல்ல இடத்தில வைப்பான்." சுற்றி நின்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். நஸ்ரியால் அந்த ஆமீனைச் சொல்ல முடியவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெருநாள் போயிற்று. வேலைக்குத் திரும்பிய காலை, கிருஷாந்த் பகிடி எதுவும் விடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"மச்சான், நீ லீவில நிக்கேக்க வந்தது. மற்றச் சாரதியிட்டக் குடுக்க மனம் வரயில்ல. நான் திருப்பி அனுப்பிவிடட்டா?"

முத்தலிப், மூதூர் என்று போட்டிருந்தது.

"இல்ல," என்றான் நஸ்ரி. "தா."

அன்றைக்கு அவன் முதலில் போனது அந்த ஒழுங்கைக்குத்தான். வீடு பூட்டிக் கிடந்தது. நீலக் கதிரை மட்டும் கேற்றடியிலேயே இருந்தது. எவரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் தையல் மெசினில் இருந்த ஹுஸ்னியா, பெட்டியைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு எழும்பி வந்தாள். அண்ணன் முறைக்கு அவனை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, அது நான் போட்ட ஓடர். மாமாதான் போடச் சொன்ன. மவுத்தாகிறதுக்கு முந்தின நாள்."

"இதுக்குள்ள என்ன தங்கச்சி?"

"சீப்பு." அவள் நிலத்தைப் பார்த்தாள். "முந்தினதும் அப்பிடித்தான். 'ஆக மலிவா ஒண்டு பாத்துப் போடுங்க மகள், என்னவா இருந்தாலும் பரவாயில்ல. பார்சல் எண்டா அவன் வந்துதானே ஆகணும்' எண்டு சொல்லுவார். அந்த வெள்ளிக்கிழமை நானும் எவ்வளவோ சொன்னன், நீங்க ஜும்ஆக்குப் போங்க மாமா, நான் வாங்கி வைக்கிறன் எண்டு. 'சாமானுக்கு இல்ல மகள்' எண்டார்."

நஸ்ரி கதிரையில் இருந்துவிட்டான். போன் கையில் காரணம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. இன்றைக்கு அது உண்மை. உண்மையாக இருந்த அந்த ஒரு நாளில் அவன் விரல் அதன் கிட்டப் போக மறுத்தது.

"நான் வரல்ல தங்கச்சி," என்றான். "ரெண்டு நாளும் வரவே இல்ல. வராம எழுதினன்."

"தெரியும் நானா. நான் இந்த வாசல்லதானே தைக்கிற. ஒரு வானும் வரல்ல."

"வாப்பாட்ட சொன்னீங்களா?"

"பிழையா அனுப்பியிருப்பாங்க மாமா எண்டு சொன்னன். 'என்ட மகன் இல்லாததை எழுத மாட்டான், நான்தான் பள்ளிக்குப் போயிட்டன்' எண்டார். பிறகு நான் என்னத்தைச் சொல்ற? வாயை மூடிக்கொண்டன்."

அவன் முகத்தைப் பெட்டியின் மேல் கவிழ்த்து அழுதான். ஹுஸ்னியா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியும் ஒரு துண்டு சர்க்கரையும் கொண்டு வந்து, வாப்பா வழமையாகப் பிளாஸ்க்கை வைக்கிற இடத்திலேயே வைத்தாள். வானுக்குள் பார்சல்கள் காத்துக் கிடந்தன. போன் அடித்து ஓய்ந்தது. நஸ்ரி முழுக் கோப்பையையும் இருந்து குடித்தான். அந்த வாசலில் அவன் இருந்து குடித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

எழும்பும்போது பெட்டியை அவளிடம் நீட்டினான். "நீங்க வாங்கினதா எழுதுறன்."

"எழுதுங்க. மெய்தானே." பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் கொஞ்சம் தயங்கினாள். "நானா, முனையில ஹோர்ன் அடிக்காமப் போகாதீங்க. கேக்காம ஒழுங்கை ஒரு மாதிரிக் கிடக்கு. பதில் சொல்ல நான் இருக்கன்."

நஸ்ரி வானைப் பின்னால் எடுத்து, மெதுவாக முனைக்கு வந்தான். அங்கே நிறுத்தி இரண்டு தரம் அடித்தான். இஞ்சின் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. என்றாலும் ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற அளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு, தோப்பூர்ப் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.