துக்க வீட்டில் பிஆர்பி

எங்கள் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தால் 'பிஆர்பி' என்று தட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். இதோ வந்துவிடுகிறேன் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. டீக்குப் போனாலும் அதுதான், பாத்ரூம் போனாலும் அதுதான். தட்டாமல் எழுந்தால் டீம் லீடர் வினய் ஆளில்லை என்று குறித்துவிடுவார். வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்க எழுத்திலேயே பேசுகிற வேலை. ஒரே நேரத்தில் நான்கு பேரின் புகாருக்குப் பதில் எழுதும்போது முழு வார்த்தைக்கு யாரிடம் நேரமிருக்கிறது?

கையில் இருந்த பழக்கம் எப்போது வாய்க்கு ஏறியது என்று தெரியவில்லை. யாராவது ஜோக் சொன்னால் நான் சிரிப்பதில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு 'எல்ஓஎல்' என்கிறேன். குழம்பில் உப்பு சரியா என்று அம்மா கேட்டால் 'ஐடிகே' என்கிறேன். தெரியாது என்று சொல்ல ஆகும் அதே நேரம்தான் அதற்கும் ஆகிறது, சொல்லிப் பாருங்கள். தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்ததிலிருந்தே எங்கள் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம். மிச்சத்தையும் நான் கெடுப்பதாக அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது அம்மாவே 'ஓஎம்ஜி' என்றாள். அதற்குப் பிறகு திட்டுவதில்லை.

என் பக்கத்து நாற்காலி அனுப்ரியாவுடையது. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண். இப்போது குடியிருக்கும் நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் மைசூருக்கு ரயிலில் வருவாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சுலோசனா அங்கே ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்து அவளைப் படிக்கவைத்தார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். நான்கு வருடமாக அந்த அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவில் பாதி எனக்கு. எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தோழி என்றால் அனுப்ரியா ஒருத்திதான்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிய சுலோசனாம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அலுவலக வாட்ஸப் குழுவில் முப்பத்துநான்கு பேர் இருக்கிறோம். அனுப்ரியாவையும் என்னையும் தவிர்த்து முப்பத்திரண்டு 'ஆர்ஐபி' வந்தது. நடுவில் வினய் அந்த வார ஷிப்ட் பட்டியலைப் போட்டார். நான்கு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டிவிட்டு மறுபடி ஆர்ஐபிக்குத் திரும்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி செத்துப்போயிருக்கிறாள், மூன்று எழுத்துதானா? நான் நேரில் போய் வாய் நிறைய நாலு வார்த்தை பேசுவேன் என்று வீறாப்பாக மூன்றாம் நாள் கிளம்பினேன்.

கிளம்பும்போது அம்மா எச்சரித்தாள். "துக்க வீட்டுல எழுந்திருக்கறப்போ போயிட்டு வரேன்னு சொல்லிடாதே. சும்மா எழுந்து வந்துடு." எனக்குத் தெரியாததா? இருந்தாலும் நம் வாயை நம்ப முடியாது என்று பஸ்ஸில் வழி முழுக்க அதையே மனதில் சொல்லிக்கொண்டு போனேன்.

வீடு நிறைய உறவுக்காரர்கள். அனுப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பக்கத்தில் அவளுடைய பெரியம்மா சாமியாத்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு வார்த்தை என்று வந்தேனே, ஒன்றுகூட வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

எழுந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"பிஆர்பி."

நல்லவேளை, யாருக்கும் புரிந்திருக்காது என்று நினைத்தேன். சாமியாத்தாள் விடவில்லை. அந்தப் பிள்ளை என்னவோ சொல்லுதே, என்ன அது என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் உறவுப்பெண் ஒருத்திக்கு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உடனே திரும்பி வருகிறேன் என்று அர்த்தம் என்றாள்.

"சாவு உளுந்த ஊட்ல சொல்ற பேச்சா அம்மிணி இது?" என்றார் சாமியாத்தாள்.

அனுப்ரியா தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதி, அழித்து, கடைசியில் 'சாரி' என்று அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அலுவலகத்தில் இரண்டு பேருக்குத் தகவல் வந்தது, எனக்கு வரவில்லை. எனக்கு இந்தச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு கெட்டது நடந்துவிடுமோ என்று தினமும் பயந்தேன். அவளை இழந்துவிட்டேன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குத் தனியாகப் போனேன். எழும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் வினய், அனுப்ரியாவின் லீவு முடிந்தும் ஆள் வரவில்லை, போனும் எடுப்பதில்லை என்றார். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டுக்குப் போனேன். சாமியாத்தாள் வாசலிலேயே நிறுத்தினால் அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவு திறந்திருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அதே சுவரில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றபடியே, அன்றைக்கு வாய் தவறிவிட்டது, மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க," என்றாள். "எல்லாரும் மொறப்படி சொல்லாம எந்திரிச்சுப் போனாங்க. காரியம் முடிஞ்சதும் பெரியம்மாவும் சொல்லாமத்தான் வேன்ல ஏறுச்சு. அப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. திரும்பி வரேன்னு சொன்னது நீ ஒருத்திதான்."

"நீ பதில் போடலையே. கோவம்னு நெனச்சேன்."

"வரேன்னு சொன்னவளுக்கு என்ன பதில் போடறது, காரியத்துக்கு என்ன தகவல் சொல்றது? தெனமும் கதவத் தெறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

பதினெட்டு நாள். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு, என் அவமானத்தையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் மடியில் தலையை வைத்து, அம்மா போனதிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதாள். நானும் அழுதேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது நான் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு நான் வீட்டுக்கு வரமாட்டேன், அனுப்ரியாவோடு இருக்கப்போகிறேன் என்று சொன்னேன்.