பாலிஷ் போட்ட பந்து

பந்து வாங்கப் போனால் முதலில் பந்தைத்தான் காட்டுவார்கள் என்று சின்னவள் நினைத்திருந்தாள். கடைக்காரர் காட்டியது, பந்து உருளும் பாதையான லேனின் படம் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. பவுலிங் கூடத்தின் மூலையில் குளியலறை அளவுக்கு ஒரு கடை. பந்தில் விரல் நுழைய ஓட்டை போடுவது அவர் வேலை. அதனால் கூடத்தில் எல்லாரும் அவரை ஓட்டைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

"உங்க ஆபீஸ் போட்டி ஃபைனலுக்கு லேன்ல போடப்போற ஆயில் இது. அறுபது அடி நீளத்துல நாற்பத்தஞ்சு அடிக்கு ஆயில். அதுவும் தடவப் போறதில்ல, ஊத்தப் போறாங்க. இதுல உங்க பழைய பந்தப் போட்டீங்கன்னா, ஈரத் தரையில தேஞ்ச செருப்போட நடந்த மாதிரி சர்ருனு நேராப் போயிடும். திரும்பவே திரும்பாது."

கூட வந்திருந்த கேப்டன், அதாவது ஆபீசில் அவளுக்கு மேலே இருப்பவர், டீமுக்கும் அவரே தலைவர், மேல் தட்டிலிருந்த ஒரு சிவப்புப் பந்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க? சும்மா தகதகன்னு இருக்கே. முகமே பாக்கலாம் போல."

"முகம் பாக்கணும்னா கண்ணாடி வாங்குங்க சார்," என்றார் ஓட்டைக்காரர். கீழே குனிந்து, அடுப்புக் கரி பூசினாற்போல் ஒரு கருநீலப் பந்தை எடுத்து மேஜையில் வைத்தார். துளிப் பளபளப்பு இல்லை. "தொட்டுப் பாருங்கம்மா."

தொட்டாள். ஆண்பிள்ளை சவரம் செய்து மறுநாள் ஆன தாடை மாதிரி சொரசொரத்தது.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது. இந்தச் சொரசொரப்புதான் ஆயிலக் கிழிச்சுக்கிட்டுத் தரையப் பிடிக்கும். உள்ளே இருக்குற கருவும் ஒரு பக்கம் கனம் கூட, கோணலா இருக்கும். அதனால எவ்ளோ ஆயில் இருந்தாலும் திரும்பணும் திரும்பணும்னு துடிக்கும். இந்த மங்கல்தான் இதோட உசுரு. ஒவ்வொரு தடவ போட்டதும் துண்டால ஆயிலத் துடைங்க. மத்தபடி பளபளப்பாக்குறேன்னு எதையாவது தடவித் தொலைச்சிடாதீங்க."

அவர் அவள் கையை விரித்து, விரலுக்கு விரல் இடைவெளி அளந்து குறித்துக்கொண்டார். அவளும் அன்றே பழைய பந்தை அவரிடம் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டாள்.

பந்து சொந்தமாகிவிட்டது, ஷூ மட்டும் இன்னும் வாடகைதான். வாடகை ஷூ கொடுக்கும் மேஜையில் நிற்பவள் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. இது கேப்டனுக்குத் தெரியாது. ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் ஒரு ஆளைத்தான் படிக்கவைக்க முடியும் என்று ஆனபோது, அக்கா பத்தாவதோடு தானாக விலகிக்கொண்டாள். யாரும் அழவில்லை, யாரும் தியாகம் என்று சொல்லவில்லை. அடுத்த வாரமே தையல் ஆலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். நாலு மாதமாக இந்தக் கூடத்தில். ஷூவுக்கு மருந்து அடித்துக் காயவைப்பது, கூடத்துப் பந்துகளை மெஷினில் போட்டுப் பாலிஷ் பண்ணுவது, சிந்தினால் துடைப்பது. சின்னவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். 'அக்கா என்ன பண்றாங்க?' என்று ஆபீசில் யாராவது கேட்டால், கஸ்டமர் சர்வீஸ் என்பாள். அது பொய்யுமில்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

இரண்டு மாதம் முன்பு ஆபீஸ் டீம் ஆடப்போகும் கூடம் எது என்று தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அக்கா, அங்க எங்க ஆபீஸ்காரங்க எல்லாம் வருவாங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன், உன் ஆபீஸ்காரங்க என்னைக் கடிச்சு வெச்சிடுவாங்களா?"

"விளையாடாதக்கா. சொன்னாக் கேளேன்."

"சரிங்க மேடம்," என்று அக்கா சிரித்தாள். மடித்துவைத்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும், "என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டு, இருப்பதில் புதிய ஜோடியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். நடிப்பு அவ்வளவு சுத்தம். சின்னவள் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டு நகர்வாள்.

புதுப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அக்கா அதைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யம்மாடி, என்னா கனம்! ஏய், மங்கிப்போய்க் கிடக்கே இது. பழசப் புதுசுன்னு உன் தலையில கட்டிட்டானா அந்த ஆளு?"

"அது அப்படித்தான் இருக்கணும்."

"ஏன் அப்படி?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. விடு."

ஆபீசில் யார் யாரோ வந்து உட்கார்ந்து, எங்களுக்கு ஏன் முழுத் தொகை வரவில்லை என்று கேட்கும்போது, எரிச்சல் காட்டாமல் மூன்று முறை விளக்குவாள். அதற்குச் சம்பளம் உண்டு. அக்காவுக்கு இரண்டு வரி சொல்ல அவளுக்கு வாய் வலித்தது.

பந்தோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர முடியாது என்பதால் அடுத்த பயிற்சியிலிருந்து அதைக் கூடத்து லாக்கரிலேயே வைத்தாள். மாற்றுச் சாவிகள் ஷூ மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

சனிக்கிழமை மதியம் ஃபைனல். கூடத்தில் காலி நாற்காலி இல்லை. போட்டி அன்று போடும் நீல விளக்கில் பந்து, ஷூ, ஆள், எல்லாமே மினுமினுக்கும். அதனால் லாக்கரிலிருந்து பந்தை எடுத்தபோது அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை.

முதல் பந்தை நம்பிக்கையோடுதான் விட்டாள். பயிற்சியில் எப்படிப் போனதோ அப்படி வலது பக்கம் போய், வளைந்து, நடுவுக்கு வர வேண்டும். வலது பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிர்முனையில் நிற்கும் பத்துக் கட்டைகளில், அதாவது பின்களில், ஓரத்திலிருந்த ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுந்தது.

"பதட்டம். பரவால்ல," என்றார் கேப்டன்.

இரண்டாவதும் அப்படியே. நின்ற இடத்தை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள். பந்து கண்ணாடி மேல் விட்ட சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. எதிர் டீமில் யாரோ சிரித்தார்கள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? கை எங்கயாவது அடமானத்துல இருக்கா?" கேப்டன் சிரிக்காமல் கேட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த ஓட்டைக்காரர் கடையை விட்டு எழுந்து வந்தார். திரும்பி வந்த பந்தைக் கையில் வாங்கி, துண்டால் துடைத்து, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். முகம் மாறிவிட்டது.

"இதுக்கு யாரும்மா பாலிஷ் போட்டது?"

"நான் போடலியே."

"பளிங்கு மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. இது எப்படித் தரையப் பிடிக்கும்?"

"இப்போ தேய்ச்சுச் சரிபண்ண முடியாதா?" என்றார் கேப்டன்.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சு சார். நடுவுல பந்தத் தேய்ச்சா டீமையே தூக்கிடுவாங்க. அதான் விதி."

சின்னவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சாவி தொங்கும் இடம் தெரியும். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காத ஆளையும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

கேப்டன் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் அம்மா வாக்கி டாக்கியும் கையுமாக ஓடிவந்தார். அவர் வந்து விசாரிப்பதற்குள், யாரும் கூப்பிடாமலேயே, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

"நான்தான் சார் போட்டேன்."

"நீங்களா? யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"கூடத்துப் பந்துக்குப் போடுற மெஷின்லதான் சார் போட்டேன். ஒரு தடவ போட்டேன், மங்கல் போகல. அஞ்சு தடவ போட்டேன், அப்புறம்தான் பளிச்சுன்னு வந்துச்சு." அந்தப் 'பளிச்சு'வைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கணம் பெருமைகூட எட்டிப்பார்த்தது. "ஃபைனலாச்சே, மேடம் பந்து இப்படி இருக்கேன்னு... கெட்டுப்போகும்னு தெரியாது சார்."

கேப்டன் மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் தெரியாத ஆளுங்கள எதுக்குங்க வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

"வாடிக்கையாளர் பொருளத் தொட்டது தப்புதான் சார்," என்றார் மேனேஜர். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துவரச் சொன்னார். "எழுத்துல புகார் கொடுங்க. கொடுத்துட்டா நாளையிலேர்ந்து அவங்களுக்கு இங்க வேலை கிடையாது. ஆனா பந்து யாரோடதோ அவங்கதான் எழுதணும்."

படிவத்தையும் பேனாவையும் சின்னவளிடம் நீட்டினார். நீட்டிய கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். ஆயில் மெஷின் ஓட்டுபவரும், தின்பண்டக் கடைப் பெண்ணும்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் சின்னவளைப் பார்க்கவில்லை. தூரத்தில் எவரோ விட்ட பந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பேனாவை வாங்கினாள்.

நாலு வரி எழுதுகிற மாதிரி இழுத்தடித்தால் கேப்டனின் கோபம் ஆறிவிடும், கையெழுத்துப் போடாமல் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டதாகப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேப்டன் பக்கத்தில் நின்றார், அவளுக்குப் பயம், கை எழுதியது. அந்த ஆபீஸ் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யோசிக்காமலேயே வரும்.

'தங்கள் கூடத்தில் பணிபுரியும் கடைநிலை ஊழியர் ஒருவர், போதிய அறிவின்மையால், என் அனுமதியின்றி என் உடைமையைச் சேதப்படுத்தியுள்ளார்.'

"எழுதுறா பாருய்யா," என்றார் ஆயில்காரர், ஓட்டைக்காரரிடம். "அடப்பாவி, நிஜமாவே எழுதுறாய்யா!"

கேப்டன் திரும்பினார். "என்னங்க?"

"அண்ணே, நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா.

"என்னத்த சும்மா இருக்கிறது? சார், இது அந்தப் பொண்ணோட சொந்த அக்கா. மொத நாளே எங்க எல்லாருகிட்டயும் சொல்லிருச்சு. எட்டாம் லேன்ல ஆடுறது என் தங்கச்சி, பட்டதாரி, பெரிய ஆபீசுல வேலை, இங்க வெச்சு என்னோட பேச மாட்டா, அவளுக்குச் சங்கடம், நீங்களும் தெரியாத மாதிரி இருந்துக்குங்கன்னு. ரெண்டு மாசமா இந்தக் கூடமே நடிச்சுக்கிட்டு இருக்கு சார்!"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தின்பண்டக் கடைப் பெண் தரையைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் கேட்காமலேயே சூடாக வந்த காப்பி, தன் லேனை மட்டும் கூடுதலாகத் துடைத்துவிட்டுப் போன கைகள், எதிரே வந்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டு விலகிப் போன முகங்கள். எல்லாருக்கும் தெரியும். படிவத்தை நீட்டியபோதும் தெரியும். அவள் வாங்குகிறாளா என்று பார்த்திருக்கிறார்கள்.

"உங்க அக்காவா?" என்றார் கேப்டன்.

"ஆமா."

பக்கத்து லேனில் பின்கள் சடசடவென்று சரிந்தன. "என்ன?"

"என் அக்கா," என்றாள், கத்தி.

"அப்புறம் ஏன் எழுதுனீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதனால்தான் கேட்டார். அவள் படிவத்தைப் பந்துத் தட்டில் வைத்தாள். அவர் அக்கா பக்கம் திரும்பி, "ஸாரிங்க, கோபத்துல கத்திட்டேன்," என்றார்.

"பரவால்ல சார். தப்பு என்னுதுதானே. உங்க ஆட்டம் கெட்டுப்போச்சு."

"கையெழுத்துப் போடப்போறீங்களா?" மேனேஜர் சின்னவளிடம் கேட்டார்.

"இல்ல."

"அப்போ எனக்கு இங்க வேலை இல்ல." வாக்கி டாக்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. கேப்டன் தன் முறைக்கு எழுந்து போனார்.

படிவம் பந்துத் தட்டின் விளிம்பில் கிடந்தது. அக்கா அதை எடுத்தாள்.

"கிழிச்சுப் போட்டுடுக்கா."

"இரு, படிச்சுக்கிறேன்."

விளக்கு மங்கலாக இருந்ததால் கண்ணருகில் பிடித்துப் படித்தாள். ஒரு வரிதான். ஒரு பக்கம் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டாள்.

"உடைமைன்னா பந்தத்தான சொல்ற?"

"ஆமாக்கா."

"கடைநிலை ஊழியர் நான்." அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"அக்கா, நான் வேணும்னு... அது ஆபீஸ்ல எழுதி எழுதிப் பழக்கம்..."

"எழுத்து அழகா இருக்கு," என்றாள் அக்கா. அதில் குத்தல் ஏதும் இல்லை. தேடிப் பார்த்தாள் சின்னவள், கிடைக்கவில்லை. அக்கா தாளை நாலாக மடித்துச் சீருடைப் பையில் வைத்தாள்.

"கொடுக்கா, ப்ளீஸ். நானே கிழிச்சிடறேன்."

"எதுக்கு? என்னைப் பத்தி எழுதினதுதானே. என்கிட்டயே இருக்கட்டும்."

அக்கா போய்விட்டாள். ஷூ மேஜைக்கு முன்னால் நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் ஆடி முடித்து வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே திரையில் அவள் பெயர் விட்டுவிட்டு எரிந்தது. அவள் முறை. டீமில் அவளைத் தவிர மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.