ஏழாம் கூண்டின் மதிப்பெண்

மார்ச் 11, செவ்வாய். ஏழாம் கூண்டு எலிக்கு மதிப்பெண் மூன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டேன். சின்னத் தவறு.

பகலில் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அவள், மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, 'சின்ன' என்பதை அடித்தாள். பின்னங்கால்கள் தள்ளாடினால் இரண்டு; அடியோடு இழுபட்டால் மூன்று. எந்த எலிக்கு மருந்து போனதென்று அறியாதவர்தான் மதிப்பெண் போட வேண்டும். ஆள் பற்றாக்குறையில், ஊசி போட்ட இவளே போட்டிருந்தாள்.

அக்காவின் நோயைப் போன்ற ஒன்றைத்தான் அந்த எலிகளுக்கு வரவழைத்திருந்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களே மூளைக்குள் புகுந்து நரம்புகளின் உறையை அரித்துவிடும்.

போன மாதம் அக்காவிடம் விளக்கியிருந்தாள்: "டி செல்லுக்கு ஒரு சமிக்ஞை பத்தாதுக்கா. எதிரி இவன்தான்னு ஒண்ணு, கிளம்புன்னு இன்னொண்ணு. எங்க மருந்து ரெண்டாவதைத் தடுக்குது."

"அம்மா கூப்பிட்டா புரண்டு படுப்பே, நான் போர்வையை உருவினாத்தான் எழுந்திருப்பே. அப்படியா?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு."

"கால்தான் ஓடல, வாயாவது ஓடட்டுமே."

எலிக்குப் பலித்தாலும் மனிதர்களுக்கு வரப் பல வருஷம் ஆகும் என்று சொல்லியும் கேட்காமல், அக்கா அன்றிலிருந்து சக்கர நாற்காலி வாங்குவதைத் தள்ளிப்போட்டு வந்தாள்.

வகுப்பு தொடங்குமுன் பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கே திரும்பினாள். ஆய்வாளர் இன்னும் கிளம்பவில்லை.

"மேடம், ஏழாம் கூண்டு மூணு. ரெண்டுன்னு போட்டுட்டேன்."

"அதோட கால்விரல் ஏதாவது அசைஞ்சுதா?"

"இல்ல மேடம். அசையணும்னு நினைச்சேன்."

அவர் திட்டவில்லை. எண்ணைத் திருத்திக் கையெழுத்திட்டார். "இனி வேற ஆளை வெச்சே பார்ப்போம். நோய் வர்றதுக்கு முன்னாடி மருந்து போன எலிங்க ஓடுதும்மா. வந்த பிறகு போட்டதுல இந்த ஏழு ஒண்ணுதான் தேறின மாதிரி இருந்துச்சு."

வீட்டில் அக்கா வழக்கம்போல் கேட்டாள்: "என்னடி, உன் எலி நடந்துச்சா?"

"நோய் வந்த பிறகு மருந்து போட்ட எதுவும் நடக்கலக்கா. ஒருதடவை கிளம்பின செல்லுக்கு அந்த ரெண்டாவது சமிக்ஞை அவ்வளவா தேவையில்ல போல." பையைக் கீழே வைத்தாள். "நான்தான் ஒண்ணுக்குத் தப்பா போட்டு வெச்சேன்."

அக்கா நெடுநேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகப் போட்டியாக்கும்," என்றாள். பிறகு, "சக்கர நாற்காலிக் கடைக்காரன் வாசல் அளவு கேட்டான். சொல்லிடலாம்."

இவள் நாட்குறிப்பைத் திறந்து எழுதினாள்:

நாளை: காலையில் குளியலறைக் கதவின் அகலத்தை அளக்க வேண்டும்.