ஒன்பது நாள் தண்ணீர்

ஓசூர் சிப்காட்டில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த சிங்கராயருக்குக் கண்ணழுத்த நோய் என்று தெரிந்தது எண்பத்தைந்தாம் வருஷத்தில். பக்கவாட்டில் வருவது தெரியாமல் ஒருநாள் தள்ளுவண்டியில் மோதிக்கொண்டார். கம்பெனியில் அவரை பேக்கிங்கிற்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஷிப்ட் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைக்கிற மனிதர், அதன்பிறகு சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். தெருவில் யார் சிரித்தாலும் தன்னைத்தான் என்று நினைத்தார்.

காலையும் மாலையும் சொட்டுமருந்து. விழுந்ததும் கண் தீயாய் எரியும். ஊற்றுகிற மனைவி ஆரோக்கியசெல்விக்குத் திட்டு விழும்.

"வேணும்னே இப்பிடி ஊத்தறியாடி?"

இரண்டு வருஷம் பொறுத்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு பறந்தது. அன்று மாலை, காலியான பழைய மருந்துக்குப்பியில் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பி ஊற்றினாள். ஒரு வேளையாவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்றுதான் செய்தாள். அவர் திட்டவில்லை. அந்த அமைதி பிடித்துப்போய், ஒன்பது நாள் அதையே ஊற்றினாள்.

பத்தாம் நாள் கிருஷ்ணகிரியில் பரிசோதனை.

"கண்ணுல பிரஷர் ஏறியிருக்கே. மருந்து ஒழுங்கா போடறீங்களா?" என்றார் டாக்டர்.

செல்வி பைக்குள் மருந்துச்சீட்டைத் தேடினாள்.

"ஒரு வேள கூட தப்பல சார். இவதான் ஊத்தறா" என்றார் சிங்கராயர்.

திரும்பும் பஸ்ஸில் அவளால் அடக்க முடியவில்லை. "நான் ஊத்துனது மருந்தில்லைங்க. வெறும் தண்ணி."

"தெரியும். மொத நாளே தெரியும். எரியலையே."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"போற கண்ணு சீக்கிரமா போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். நீயும் கொஞ்சம் நிம்மதியா இருந்த."

சூளகிரியில் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். எதிர்ப்பக்க பஸ் பிடித்துத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்த ஒன்பது நாளால எவ்வளவு போச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. போன பார்வை திரும்பாது" என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை சிங்கராயர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. நல்லா தூங்கறீங்களா? மனசு எப்படி இருக்கு?"

சிங்கராயர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. குழந்தை மாதிரி தேம்பினார்.

டாக்டர் எரிச்சல் குறைந்த வேறு மருந்து எழுதினார். பெங்களூரில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டும் கொடுத்தார். ஆறேழு மாதத்தில் சிங்கராயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்கு வந்தார். இடது கண்ணில் பார்வை பாதிதான் மிஞ்சியது.

அவர் அவளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றியதைக்கூட செல்வி சர்ச்சில் பாதிரியாரிடம் பாவமன்னிப்பில் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு வருஷத்தில், மனசு எப்படி இருக்கிறது என்று தான் ஒருமுறைகூடக் கேட்காததை மட்டும் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.