யாரும் தொடாத ஓட்டம்

"ஆடுறானா?" என்று கேட்டாள் வெர்னீஸ்.

"ஆடுறான்," என்றேன்.

"நிக்கிறானா?"

"நிக்கிறான். மீனைப் பாரு, கருகுது."

எங்கள் தேவாலயத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, தட்டு நீட்டுவதற்கென்று ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் கூடத்துத் தொலைக்காட்சி நேராகத் தெரியும். வெர்னீஸ் பெட்வே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மக்காச்சோள மாவில் புரட்டிய கெளுத்தியை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இளைய மகன் ஜெரிகோ, அமெரிக்கக் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஓர் ஆட்டத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"நான் பெத்த பிள்ளையை நாலு பேர் சேர்ந்து அமுக்கறதை நான் ஏன் பார்க்கணும்?" என்பாள்.

காதால் கேட்பாள். கூடத்தில் எழும் சத்தத்தை வைத்தே அவன் எவ்வளவு தூரம் ஓடினான் என்று சொல்லிவிடுவாள்.

அன்று அரையிறுதி. ஜெயித்தால் இறுதி ஆட்டம். மூன்று அணிகளுக்கு ஆடியும் ஜெரிகோ இதுவரை ஓர் இறுதி ஆட்டத்தில் கால் வைத்ததில்லை. இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டான். தோற்றால், அன்றே கடைசி.

அவன் வேலைக்கு ரன்னிங் பேக் என்று பெயர். பந்தை வாங்க வேண்டும், நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், எதிரே நிற்கிற மலை மாதிரி ஆட்களுக்கு நடுவே சந்து பார்த்து ஓட வேண்டும். கோட்டைத் தாண்டினால் டச்டவுன். தாண்டாவிட்டால் அத்தனை பேரும் அவன்மேல்தான் விழுவார்கள்.

அவனை முதன்முதலில் ஓர் அணி எடுத்த அன்று, அண்ணன் பெர்னல் கேட்டான்:

"எத்தனாவதா எடுத்தாங்க?"

"கிட்டத்தட்டக் கடைசி."

"இந்த வேலைக்கு ஆயுசே மூணு வருஷம்தான்டா. அதுக்குள்ள லாரி ஓட்டவாவது கத்துக்கோ."

"நீ இடிச்சு இடிச்சு வளர்ந்தவன் நான். நீயே என்னை உடைக்கலை. அவங்களா உடைக்கப் போறாங்க?"

முதல் ஆட்டத்திலேயே பந்தை இரண்டு முறை கைநழுவ விட்டான். முடிதிருத்தும் கடையில் அவனுக்குக் "கெளுத்திக் கை" என்று பெயர் வைத்தார்கள். மறுவருஷம் அவன் பெயரைச் சொல்லி நாடே கத்தியபோது, அதே கடையில் அதே ஆட்கள், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார்கள். ஆறாவது வருஷம் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அன்றைக்கும் நாங்கள் இந்தக் கூடத்தில்தான் இருந்தோம். அப்போது விழுந்த அமைதி வெர்னீஸின் காதிலிருந்து இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"நடக்கலாமாம்."

"ஓடறது?"

"அதை நான் கேட்கலைம்மா. கேட்டா பதில் சொல்லிடுவாரு."

அந்த அணி அவனைக் கைவிட்டது. அடுத்தது எடுத்து, ஒன்றரை வருஷம் பெஞ்சில் உட்கார வைத்து, அதுவும் விட்டது. மூன்றாவது அணிக்குப் போனபோது அவன் முட்டியைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அங்கே போய்த்தான் நிமிர்ந்தான். அடிபட்ட காலுக்குப் பழைய வேகம் இல்லை. ஆனால் சந்து எங்கே திறக்கும் என்பது கண்ணுக்கு முன்னைவிடச் சீக்கிரம் தெரிந்தது.

அன்று காலைவரை அவன் போட்டது தொண்ணூற்றொன்பது டச்டவுன். பருவத்து ஆட்டம் வேறு, தோற்றால் வெளியே போகிற கடைசிச் சுற்றுகள் வேறு என்று பிரித்து எழுதுகிறவர்கள் எழுதட்டும். எங்கள் தேவாலயத்தில் எல்லாம் ஒன்றுதான். ஆக, ஜெயிப்போமா என்ற பயம் ஒரு பக்கம், நூறு வருமா என்ற ஆசை ஒரு பக்கம்.

"உருளைக்கிழங்கு சாலட் யார் செஞ்சது?" கூடத்திலிருந்து பாஸ்டர் டில்மனின் குரல்.

"நான்தான் பாஸ்டர்," என்றாள் சிஸ்டர் அர்லீத்தா.

"இதுல கறுப்பா என்னமோ இருக்கே."

"உலர்ந்த திராட்சை. புதுசா இருக்கட்டும்னு போட்டேன்."

"ஆண்டவர் மன்னிச்சிடுவாரு. நாங்க கொஞ்சம் யோசிக்கணும்."

கூடம் சிரித்தது. அதற்குள் பெர்னல் எழுந்து நின்றுவிட்டான்.

"பேசாதீங்க எல்லாரும். கடைசி ரெண்டு நிமிஷம்."

"யாரு முன்னால?" வெர்னீஸ் திரும்பாமலே கேட்டாள்.

"நாமதான். ஒரே ஒரு புள்ளி."

"பந்து?"

"நம்மகிட்ட. ஜெரிகோகிட்டதான் குடுப்பாங்க பாரு."

கொடுத்தார்கள். அதற்கப்புறம் கூடத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"வலது பக்கம், வலது பக்கம்."

"சந்து இருக்குடா."

"சந்தா? தெருவே இருக்கு."

"பச்சைச் சட்டைக்காரன் ஒதுங்கிப் போறான் பாரு. நம்ம பிள்ளையைப் பார்த்துப் பயந்துட்டான்."

"முன்னால ஒரு ஆளு இல்லை."

"நூறு, மகனே, நூறு," என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியது பாஸ்டர்தான்.

அப்புறம் ஒன்றுமில்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும்.

வெர்னீஸின் முதுகு விறைத்தது. அந்த அமைதி அவளுக்குத் தெரியும்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

எல்லோர் கண்ணும் திரையிலேயே இருந்தது.

"முட்டியா? யாராவது வாயைத் திறங்களேன்."

"உட்கார்ந்துட்டான்," என்றாள் அர்லீத்தா.

"விழுந்துட்டானா?"

"விழலை. உட்கார்ந்துட்டான். அவனாவே."

வெர்னீஸ் திரும்பினாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, மகன் களத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால், புல்லின்மேல், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஜெரிகோ. எதிரணியின் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தலையில் கை வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பைத்தியமா இவனுக்கு?" என்றார் பாஸ்டர். "ஒரு அடி எடுத்து வச்சா நூறு."

"மூச்சு வாங்கிடுச்சு போல. வயசாச்சுல்ல."

"உருண்டிருந்தாக்கூடப் போயிருக்கலாமே."

பெர்னல் மட்டும் திரையையே பார்த்தான். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

"அவங்க பயப்படலை. வேணும்னே விட்டிருக்காங்க."

"எதுக்குடா விடணும்?"

"உள்ள போனா நமக்கு ஏழு புள்ளி வரும், சரி. அடுத்து பந்து யாருக்கு? அவங்களுக்கு. இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு. அது போதும் அவங்களுக்கு, ஒரே ஓட்டத்துல எட்டுகூட எடுக்கலாம், சமன் பண்ணிடுவாங்க. இப்ப இவன் உள்ள போகாம உட்கார்ந்ததால பந்து நம்மகிட்டயே இருக்கு, கடிகாரம் ஓடிட்டே இருக்கு. நிறுத்தச் சொல்லிக் கேட்கிற வாய்ப்பெல்லாம் அவங்க ஏற்கெனவே தீர்த்துட்டாங்க."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ. முடிஞ்சுது. ஜெயிச்சாச்சு."

அப்படியேதான் ஆனது. அடுத்து பந்தை வாங்கியவன் ஒரு முட்டியை மண்ணில் ஊன்றினான்; ஊன்றினால் அந்த ஓட்டம் அங்கேயே முடிந்ததாகக் கணக்கு, கடிகாரம் மட்டும் நிற்காது. கடிகாரம் ஓடியது. மறுபடி ஊன்றினான். பச்சைச் சட்டைக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேரம் தீர்வதைப் பார்த்தபடி நின்றார்கள். அது தீர்ந்தபோது ஜெரிகோவை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். எங்கள் கூடத்தில் நாற்காலிகள் சரிந்தன. பாஸ்டர் அர்லீத்தாவின் சாலட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார். மேளம் வாசிக்கிற பையனைத் தேடினார்கள். கிடைக்காததால் மேசையையே தட்டினார்கள்.

வெர்னீஸ் திரையின் அருகே போய் நின்றாள். கையெல்லாம் மாவு.

"ரெண்டு காலும் நல்லா இருக்குல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"நீயே பார்க்கறியே."

"பார்க்கறேன்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு, கன்னத்தில் கண்ணீரும் மாவும் சேர்ந்து கோடாக இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் பெர்னலின் போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தான்.

"ஏன்டா உட்கார்ந்தே? என் உயிரே போயிடுச்சு," என்றாள் வெர்னீஸ்.

"உனக்கு எப்படித் தெரியும்? அம்மா, நீ பார்த்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒருத்தனும் இடிக்கலைம்மா. எத்தனை வருஷமா ஓடுறேன், என்னைப் பார்த்து ஒரு பய இப்படி ஒதுங்கி வழி விட்டதில்லை. இவனுங்க திடீர்னு எப்படி இவ்வளவு நல்லவனுங்க ஆனானுங்கன்னு தோணிச்சு. உடனே உட்கார்ந்துட்டேன்."

"நூறு போச்சேடா மடையா," என்றான் பெர்னல். "கோடு கையெட்டற தூரத்துல இருந்துச்சு."

"அதை என்னைவிடப் பக்கத்துல இருந்து பார்த்தவன் யாருடா? தொடணும்னு கை அரிச்சுது. சரி, நீ பள்ளிக்கூடத்துல எத்தனை போட்டே?"

"ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

கூடத்துக்கே அது தெரியும். எதிரணியின் பக்கம் போகாமல் தன் பக்கத்துக் கோட்டுக்கே ஓடினவன் பெர்னல்.

"இறுதி ஆட்டத்துல போடு, அது போதும்," என்றாள் வெர்னீஸ்.

"போடறேன். இல்லேன்னா மறுபடி உட்கார்றேன். ஜெயிக்கறது எதுன்னு பார்த்துச் செய்றேன்."

பாஸ்டர் போன் பக்கம் குனிந்தார். சாலட்டை இன்னும் கையிலிருந்து இறக்கவில்லை.

"மகனே, ஆட்டம் என்னைக்கு?"

"அடுத்ததுக்கு அடுத்த ஞாயிறு, சாயந்திரம், பாஸ்டர்."

"சாயந்திரமா? ஆராதனை இருக்கே."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பாஸ்டர் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இருந்தது," என்றார்.

அந்தக் கூடத்தில் நான் கேட்டதிலேயே பெரிய ஆமென் அன்றைக்குத்தான்.