பத்து நொடியில் இன்னொரு பெரியப்பா

1

முதல் வரைவில் இது பக்கத்து மேசைக்காரனுக்கு நடந்தது. பொய். நடந்தது எனக்கு, அவனுக்குப் பெரியப்பாவே கிடையாது.

ஓய்வூதியம் வழங்கும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. முன்பெல்லாம் சோதனைக்குத் தரவுத்தள நகல் கேட்டால் இரண்டு நாள் தவம் கிடக்க வேண்டும். இப்போது பத்து நொடியில் மூலத்திலிருந்து ஒரு நகல் கிளையாகப் பிரியும். லட்சம் ஓய்வூதியர்களும் அச்சு அசலாக வந்து நிற்பார்கள்.* யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். கிளையை அழித்தால் பிழைத்துக்கொள்வார்கள். [இங்கே ‘கடவுள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். சம்பளம் ஒத்துப்போகவில்லை.]

* உண்மையில் எதுவும் முழுதாக நகலாவதில்லை. மாற்றியதை மட்டும் கிளை தனியே எழுதிக்கொள்ளும்; மற்றதெல்லாம் மூலத்திலிருந்தே வரும். வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

2

அன்று ஜன்னலுக்கு வெளியே வானம்... [வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் ஜன்னல் இல்லை.]

இறந்தவருக்கு ஓய்வூதியம் நிற்கிறதா என்று பார்க்க யாராவது இறந்தாக வேண்டும். தெரிந்த பெயரென்றால் தேடுவது சுலபம். என்னை வளர்த்த பெரியப்பாவைப் போட்டுத் தள்ளினேன்.

“போன் நம்பரையெல்லாம் மாத்திட்டியா?” என்றார் மேனேஜர்.

“காப்பிதானே சார், என்ன ஆகிடப்போகுது?”

காப்பிதான். எண் மட்டும் அசல். பெரியப்பாவின் கைபேசிக்கே குறுஞ்செய்தி போய்விட்டது: ‘குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்.’

“எத்தனை பேரைக் கொன்னே?”

“ஒருத்தர்தான் சார். என் பெரியப்பா.”

“சொந்தக்காரரா? அப்பாடா, கம்ப்ளெயின்ட் வராது.”

3

கைபேசி அடித்தது.

“டேய், நான் செத்துட்டேனாம்டா.”

“அது சும்மா டெஸ்டிங், பெரியப்பா...”

“உனக்கும் மெசேஜ் வந்திருக்கும்னு நெனச்சேன். நீ போன் பண்ணல. சரி, பய பிஸி போலன்னு நானே பண்ணிட்டேன்.”

“பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அது கெடக்கு. நீ எப்ப வர்றே?”

[இங்கே நான் அழுததாக ஒரு வரி இருந்தது. அழவில்லை. “அடுத்த வாரம்” என்றேன். எட்டு மாதமாக அதையேதான் சொல்கிறேன்.]

4

முடிவுக்கு மூன்று கிளைகள் பிரித்தேன். ஒன்றில் அன்று மாலையே பஸ் ஏறுகிறேன். இரண்டாவதில் பெரியப்பாவே புகார் கொடுக்கிறார். எனக்கு வேலை போகிறது, ஊருக்குப் போக நேரம் கிடைக்கிறது. மூன்றாவதில் அதே குறுஞ்செய்தி என் எண்ணுக்கு வருகிறது. சோதனை அல்ல.

கடைசி வரி மட்டும்தான் வேறு வேறு. மற்றதெல்லாம் மூலத்திலிருந்தே வருகிறது: எட்டு மாதமாக நான் போகவில்லை. அதை எந்தக் கிளையிலும் திருத்த முடியவில்லை.

பிடித்ததை எடுத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் தொடாதீர்கள். அதை அழிக்கத்தான் பார்க்கிறேன். பத்து நொடி தாண்டிவிட்டது, இன்னும் அழியவில்லை.